லீஜியன் ஆஃப் சூப்பர்ஹீரோஸ்: ஆயிரம் வருடம் தள்ளிப் பிறந்த பிள்ளைகள் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீஜியன் ஆஃப் சூப்பர்ஹீரோஸ் என்றால் யார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் வெளியிட்ட, வெளியிடுகிற சூப்பர்ஹீரோ குழு. நம் காலத்திலிருந்து ஆயிரம் வருடம் தள்ளி வாழும், பல கிரகங்களில் பிறந்த பதின்வயதுப் பிள்ளைகள். சூப்பர்மேன் சிறுவனாக இருந்தபோது செய்த சாகசங்களைப் பழங்கதையாகக் கேட்டு வளர்ந்து, "நாமும் அப்படிச் செய்வோம்" என்று சங்கம் வைத்தவர்கள்.

இரண்டு வரி தாண்டிவிட்டது. இவர்களைப் பற்றி யாராலும் சுருக்கமாகப் பேச முடியாது. ஒரே சமயத்தில் இருபதுக்கும் மேல் உறுப்பினர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தக் கிரகம், ஒரு சக்தி, ஒரு காதல். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தவர்கள்தான் இதன் ரசிகர்கள்.

முதன்முதலில் எப்போது வந்தார்கள்?

1958 ஏப்ரல் தேதியிட்ட அட்வென்ச்சர் காமிக்ஸ் 247ஆம் இதழில். எழுதியவர் ஓட்டோ பைண்டர், வரைந்தவர் ஆல் பிளாஸ்டினோ, ஆசிரியர் மார்ட் வைசிங்கர். அப்போது அந்தப் பத்திரிகையின் நாயகன் சூப்பர்பாய், அதாவது ஸ்மால்வில் ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சின்ன வயது சூப்பர்மேன்.

அந்த இதழின் அட்டை இன்றும் பிரபலம். மேசைக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் நேர்காணல் எடுக்கும் அதிகாரிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே நிற்கிற சூப்பர்பாயிடம் "உனக்கு இடமில்லை" என்கிறார்கள். உலகத்தையே தூக்கிச் சுற்றக்கூடியவனுக்கு வேலை கிடைக்கவில்லை! காசு கொடுத்து வாங்காமல் எந்தப் பையன் கடையை விட்டு நகருவான்?

உள்ளே கதை எளிமையானது. காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், லைட்னிங் பாய் மூவரும் எதிர்காலத்திலிருந்து வந்து சூப்பர்பாயை அழைத்துப் போகிறார்கள், போட்டி வைக்கிறார்கள், தோற்கடிக்கிறார்கள். கடைசியில் எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்கள். கல்லூரி விடுதி ராகிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இதழோடு முடிந்துபோக வேண்டிய கதைதான். "அந்தப் பிள்ளைகளை மறுபடி காட்டுங்கள்" என்று வாசகர்கள் எழுதிக் கேட்டதால் அவர்கள் திரும்பி வந்தார்கள். 1962இல் 300ஆம் இதழிலிருந்து அவர்களுக்கென்றே நிலையான தொடர் கிடைத்தது. லைட்னிங் பாய் அதற்குள் லைட்னிங் லேட் ஆகியிருந்தான்.

சேர்வதற்கு என்ன தகுதி?

பதின்வயதாக இருக்க வேண்டும். வேறு எந்த உறுப்பினரிடமும் இல்லாத ஒரு சக்தியாவது வேண்டும். அது கருவியிலிருந்து வரக்கூடாது, உடம்பிலேயே இருக்க வேண்டும். பறப்பதற்கு மட்டும் சங்கமே எல்லோருக்கும் ஒரு மோதிரம் கொடுத்துவிடும்.

விதி என்று இருந்தால் விதிவிலக்கும் இருக்குமே. சூப்பர்பாய், சூப்பர்கேர்ள், டாக்ஸம் கிரகத்து மான்-எல் மூவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சக்திகள், யாரும் கேட்கவில்லை. லைட்னிங் லேடின் தங்கைக்கு அண்ணனைப் போலவே மின்னல் சக்தி இருந்ததற்கு மட்டும் கேள்வி வந்தது. பிறகு அவள் சக்தி மாறி, பொருட்களின் எடையைக் குறைக்கிறவளாக ஆனாள். செல்வாக்குள்ளவனுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்பது ஆயிரம் வருடம் கழித்தும் மாறாது போலிருக்கிறது.

எதை வேண்டுமானாலும் தின்கிற ஒருவன் உண்டாமே, உண்மையா?

உண்மை. மேட்டர்-ஈட்டர் லேட். பிஸ்மோல் கிரகத்துக்காரன். அங்கே உணவெல்லாம் நுண்ணுயிர்களால் நஞ்சாகிப்போனதால், எந்தப் பொருளையும் தின்று செரிக்கிற அளவுக்கு அந்த மக்களின் வயிறு மாறிவிட்டது. சிறைக் கம்பியைக் கடித்துத் தின்று தப்பித்து வருவான். பௌன்சிங் பாய் என்று இன்னொருவன்: சோடா என்று நினைத்து ஒரு ரசாயனத்தைக் குடித்துவிட்டு, பந்து மாதிரி ஊதிக் குதிக்கிறவன்.

சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அறுபதுகளில் இந்தக் கதைகளுக்கு இருந்த அழகே இதுதான். பௌன்சிங் பாயைப் போன்ற குண்டுப் பையனுக்கும் மேசையில் ஒரு நாற்காலி உண்டு.

நாற்காலி கிடைக்காதவர்களையும் மறக்கவில்லை. 1963இல் 306ஆம் இதழில் எட்மண்ட் ஹாமில்டன் எழுதி, ஜான் ஃபோர்ட் வரைந்த கதையில், நேர்காணலில் நிராகரிக்கப்பட்ட ஐந்து பேர் சேர்ந்து தனிச் சங்கம் வைக்கிறார்கள். கல்லாக மாறத் தெரியும், ஆனால் மாறிய பிறகு அசையத் தெரியாது: அவன் ஸ்டோன் பாய். நைட் கேர்ளுக்கு இருட்டில் மட்டும்தான் பலம். யாருக்கும் தெரியாமல் லீஜியனுக்கு உதவிவிட்டு, பெயர் வாங்காமல் வீட்டுக்குப் போவார்கள். இருபதாண்டுக்கும் மேல் கழித்து, இந்த ஐவரில் ஒருவனான போலார் பாய் லீஜியனிலேயே சேர்ந்து அதன் தலைவனாகவும் ஆனான். அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாசகர்கள்.

வாசகர்கள் தேர்ந்தெடுத்தார்களா?

ஆமாம். லீஜியன் தலைவர் பதவிக்குத் தேர்தல் உண்டு. பல வருடங்கள் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் பத்திரிகை வாங்கிய பிள்ளைகள்தான். தபால் அட்டையில் பெயரெழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டுக் கதைகளில் யார் கட்டளையிடுவார் என்பது அதன்படி முடிவாகும்.

கதைக்குள் நடந்த தேர்தல்களில் கள்ள ஓட்டும் உண்டு! 1963 ஜனவரியில் வந்த 304ஆம் இதழைப் பாருங்கள். லீஜியன் உறுப்பினர் ஒருவர் சண்டையில் சாகப் போகிறார் என்று சாட்டர்ன் கேர்ளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்கு மனங்களுக்குள் நுழையும் சக்தி. எல்லோர் மனதிலும் புகுந்து தனக்கே ஓட்டுப் போட வைத்துத் தலைவியாகிறாள். பதவிக்கு வந்ததும் ஏதேதோ காரணம் சொல்லி ஒவ்வொருவர் சக்தியையும் பயன்படுத்தத் தடை போடுகிறாள். என்ன அகம்பாவம் என்று எல்லோரும் வெறுக்கிறார்கள். சாவு வேறு யாருக்கும் போகாமல் தன்னிடமே வரவேண்டும் என்பது அவள் கணக்கு. அதைக் கண்டுபிடித்த லைட்னிங் லேட் முந்திக்கொண்டு போய்ச் செத்துப்போகிறான்.

அந்தக் காலத்துச் சிறுவர் பத்திரிகையில் நாயகன் செத்தால் அடுத்த பக்கத்தில் எழுந்துவிடுவான். லைட்னிங் லேட் எழவில்லை. எட்டு இதழ்கள், எட்டு மாதங்கள் கண்ணாடிப் பேழையில் பிணமாகக் கிடந்தான். 312ஆம் இதழில்தான் உயிர் திரும்பியது, அதுவும் ஓர் உயிருக்கு ஓர் உயிர் என்ற கணக்கில். புரோட்டி என்ற வளர்ப்புப் பிராணி சாட்டர்ன் கேர்ளின் உருவத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாக மின்னலை வாங்கிச் செத்தது.

பதினான்கு வயதுப் பையன் கதை எழுதினான் என்கிறார்களே?

கட்டுக்கதை இல்லை. ஜிம் ஷூட்டர், பிட்ஸ்பர்க் நகரத்துப் பையன், 1951இல் பிறந்தவர். வீட்டில் பணக்கஷ்டம். பன்னிரண்டு வயதில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது காமிக்ஸ்களை ஒப்பிட்டுப் படித்து, போட்டி நிறுவனமான மார்வெலின் கதைகள் உயிரோடு இருக்கின்றன, டிசி கதைகள் தூங்குகின்றன என்று கண்டுகொண்டார். மோசமாக இருக்கிற இடத்தில்தான் நம் சரக்கு விலைபோகும் என்று யோசித்தது பாருங்கள், அதுதான் வியாபார மூளை. பதின்மூன்று வயதில் ஒரு லீஜியன் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, வசனமும் எழுதித் தபாலில் போட்டார். வைசிங்கர் வாங்கிக்கொண்டார். 1966 ஜூலை தேதியிட்ட 346ஆம் இதழில் அவர் கதை அச்சானபோது வயது 14.

அந்த முதல் கதையிலேயே கராத்தே கிட், பிரின்ஸஸ் புரொஜெக்ட்ரா, ஃபெர்ரோ லேட் என்று புதியவர்களைக் கொண்டுவந்தார். அதுவரை லீஜியன் பிள்ளைகள் பேசியது பெரியவர்கள் கற்பனை செய்த பிள்ளைப்பேச்சு. ஷூட்டர் வந்த பிறகுதான் அவர்களுக்குள் பொறாமையும் சந்தேகமும் நிஜமான பயமும் வந்தன.

1967இல் 353ஆம் இதழ். சூரியன்களைத் தின்கிற ஒரு மேகம் நம் சூரியனை நோக்கி வருகிறது. அதன் நடுவில் ஒரு குண்டைக் கொண்டுபோய் வெடிக்க வைக்க வேண்டும், போகிறவன் திரும்ப மாட்டான். சூப்பர்பாய்தான் போவதாக இருக்கிறது. முகத்தில் எப்போதும் இரும்பு முகமூடி அணிந்த ஃபெர்ரோ லேட், அவனை ஒரு குத்து விட்டுத் தள்ளிவிட்டு, குண்டைப் பிடுங்கிக்கொண்டு தானே பறக்கிறான். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பையன். அவனைப் பிறகு யாரும் உயிர்ப்பிக்கவில்லை.

இதே ஷூட்டர் 1978இல் மார்வெலின் தலைமை ஆசிரியரானார். அது வேறு ஒரு பெரிய கதை.

ஃபெர்ரோ லேடின் முகமூடிக்குப் பின்னால் யார் இருக்க வேண்டியிருந்தது?

கறுப்பினப் பையன் ஒருவன். ஷூட்டர் அப்படித்தான் திட்டமிட்டிருந்தார். வைசிங்கர் மறுத்துவிட்டார். பச்சை நிறத்தவனும் ஆரஞ்சு நிறத்தவனும் உட்காரலாம், கறுப்பு நிறத்தவன் உட்காரக்கூடாது. முப்பதாம் நூற்றாண்டைக் காட்டிய ஒரு பத்திரிகையின் 1966ஆம் ஆண்டு நிலவரம் அது.

எழுபதுகளில் மைக் கிரெல் வரைய வந்தபோதும் இதே கதை. ஒரு போலீஸ் பாத்திரத்தைக் கறுப்பினத்தவராக ஆக்கலாம் என்றார், ஆசிரியர் விடவில்லை. முகத்தை அப்படியே வரைந்துவிட்டார், வண்ணம் மட்டும் வெள்ளைத்தோலாக அச்சானது. கடைசியில் 1976இல் டைராக் என்ற பாத்திரம் வந்தது, லீஜியனின் முதல் கறுப்பின உறுப்பினர். ஆனால் அவனுக்குக் கொடுத்த பின்னணி என்ன? பூமியின் கறுப்பின மக்கள் தாங்களாகவே மற்றவர்களை வேண்டாம் என்று ஒதுக்கி, மார்சல் என்ற தீவில் தனியாக வாழ்கிறார்களாம், அதனால்தான் இத்தனை வருடம் கண்ணில் படவில்லையாம்! வரைந்த கிரெலே அதை நினைத்து வெட்கப்பட்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். லீஜியனை எவ்வளவு நேசித்தாலும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்க முடியாது.

லீஜியனுக்கும் எக்ஸ்-மென்னுக்கும் என்ன உறவு?

வயதில் லீஜியன்தான் மூத்தது. எக்ஸ்-மென் வந்தது 1963இல். உண்மையான உறவு டேவ் காக்ரம் என்ற ஓவியரால் வந்தது.

1969இல் அட்வென்ச்சர் காமிக்ஸிலிருந்து லீஜியனை வெளியேற்றினார்கள். ஆக்‌ஷன் காமிக்ஸின் பின்பக்கங்களில் கொஞ்ச நாள், அப்புறம் சூப்பர்பாய் பத்திரிகையில் எப்போதாவது ஒரு கதை என்று ஒண்டுக்குடித்தனம். அந்த நேரத்தில் வந்தவர் காக்ரம். கழுத்து வரை மூடிய பழைய சட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாகரிகமான உடைகளை வரைந்தார். விண்கலங்களும் நகரங்களும் முதல்முறையாக எதிர்காலம் மாதிரியே இருந்தன. 1973இல் சூப்பர்பாய் பத்திரிகையே லீஜியனின் பத்திரிகையாக மாறிப்போனது.

200ஆம் இதழில் பௌன்சிங் பாய்க்குக் கல்யாணம். முழு லீஜியனும் விருந்தினரும் நிறைந்த பெரிய சித்திரம் ஒன்றை இரண்டு பக்கத்துக்கு வரைந்தார் காக்ரம். அதன் மூலப்படத்தைத் தன்னிடம் திருப்பித் தரக் கேட்டார். டிசி மறுத்தது. கோபித்துக்கொண்டு மார்வெலுக்குப் போனார். 1975இல் லென் வீனுடன் சேர்ந்து புதிய எக்ஸ்-மென் குழுவை உருவாக்கினார். அதில் வந்த நைட்கிராலர் முதலில் லீஜியன் உலகத்துக்காக அவர் யோசித்து வைத்திருந்த பாத்திரம். மார்வெலின் ஷியார் பேரரசுக் காவல்படை 1977இல் எக்ஸ்-மென்னில் வந்தபோது பார்த்தால், ஆளுக்கு ஆள் லீஜியன் சாயல். கல்யாணப் படம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருந்தால் காமிக்ஸ் வரலாறு எப்படிப் போயிருக்குமோ.

லீஜியனின் பொற்காலம் எது?

1982 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். எழுதியவர் பால் லெவிட்ஸ், வரைந்தவர் கீத் கிஃபன். லெவிட்ஸும் ரசிகராக இருந்து ரசிகப் பத்திரிகை நடத்தி உள்ளே வந்தவர்தான். பிற்காலத்தில் டிசியின் தலைவராகவும் ஆனார்.

அவர்களின் 'தி கிரேட் டார்க்னஸ் சாகா', லீஜியனின் பெயரிலேயே அப்போது வந்த பத்திரிகையின் 290 முதல் 294 வரையிலான இதழ்களில் வந்தது. முகம் தெரியாத ஒருவன் நிழல் வேலையாட்களை அனுப்பிப் பழைய மந்திரப் பொருட்களைத் திருடுகிறான். யார் அவன் என்று மாதக்கணக்கில் சொல்லவில்லை. ஜாக் கிர்பி 1970இல் படைத்த டார்க்சைட் என்று தெரிய வரும்போது, டாக்ஸம் கிரகத்தின் கோடிக்கணக்கான மக்கள் அவன் பிடியில். மஞ்சள் சூரியனுக்குக் கீழே டாக்ஸம்காரர்களுக்குச் சூப்பர்மேனின் பலம் வந்துவிடும். கோடிக்கணக்கான சூப்பர்மேன்கள் எதிரே வந்து நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது சண்டைப் பக்கங்களை அல்ல. லெவிட்ஸ் ஒரு இதழில் ஐந்தாறு கதைகளைச் சேர்த்து ஓட்டுவார். ஒருவன் பிரிந்த மனைவியை நினைத்துக்கொண்டிருப்பான், ஒருத்தி பிள்ளை பெறப் போவாள், தலைவர் தேர்தலில் உள்குத்து நடக்கும். ஞாயிறு காலை மெகா தொடர் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

அப்புறம் ஏன் இத்தனை குழப்பம்? ஏன் அடிக்கடி புதிதாகத் தொடங்குகிறார்கள்?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். பதில் ஒரே வரி: வேரை வெட்டிவிட்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

1985இல் டிசி, பல இணை உலகங்களில் நடந்த தன் கதைகளையெல்லாம் ஒரே உலகமாகச் சுருக்கியது. அடுத்த வருடம் ஜான் பர்ன் சூப்பர்மேன் கதையை முதலிலிருந்து எழுதினார். அந்தப் புதிய கதையில் கிளார்க் கென்ட் வளர்ந்த பிறகுதான் உடை அணிகிறான். சூப்பர்பாய் என்று ஒருவன் இருந்ததே இல்லை. சூப்பர்மேனுக்கு அது நல்ல முடிவாகக்கூட இருக்கலாம். சூப்பர்பாயைப் பார்த்துத் தொடங்கிய சங்கம் என்ன செய்யும்?

1987இல் லெவிட்ஸும் பர்னும் ஓர் ஒட்டுப் போட்டார்கள். டைம் டிராப்பர் என்ற வில்லன் லீஜியனை ஏமாற்ற ஒரு குட்டிப் பிரபஞ்சத்தைச் செய்து வைத்திருந்தான், அவர்கள் இத்தனை நாள் சந்தித்த சூப்பர்பாய் அங்கே வாழ்ந்தவன் என்றார்கள். அவன் லீஜியனைக் காப்பாற்றி இறந்தான். அழகான கதை, ஆனால் ஒட்டு ஒட்டுதான். சூப்பர்மேன் சாயலே வேண்டாம் என்று 1990இல் மேலிடம் சொன்னதும் அந்த ஒட்டும் பிய்ந்தது. சூப்பர்பாய் இடத்தில் மான்-எல்லை வாலர் என்று உட்கார வைத்தார்கள், சூப்பர்கேர்ள் இடத்துக்கு லாரல் காண்ட் என்ற புதியவள் வந்தாள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விட்டுப்போகும். கடைசியில் 1994இல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ணத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு அழிப்பது பழக்கமாகிவிட்டது. 2004 கடைசியில் மார்க் வெய்டும் பேரி கிட்சனும் மூன்றாவது லீஜியனைக் கொண்டுவந்தார்கள்: பெரியவர்கள் கண்காணிக்கும் சலிப்பான உலகத்தை எதிர்த்து நிற்கும் இளைஞர் இயக்கம். நல்ல யோசனை, எனக்குப் பிடித்தது. 2007இல் ஜெஃப் ஜான்ஸ் எண்பதுகளின் பழைய லீஜியனையே திரும்பக் கொண்டுவந்தார். 2008இல் ஜார்ஜ் பெரெஸ் வரைந்த ஒரு தொடரில் மூன்று லீஜியன்களும் ஒரே பக்கத்தில் சந்தித்துக்கொண்டன. 2019இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ரையன் சூக்கும் இன்னொன்றைத் தொடங்கினார்கள், அதில் சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட்தான் சூப்பர்பாய். 12 இதழ்களோடு நின்றது.

'ஐந்தாண்டுக்குப் பிறகு' லீஜியன் என்பது என்ன?

1989இல் லெவிட்ஸ் விலகியதும் கிஃபனும், டாம் - மேரி பியர்பாம் தம்பதியும் தொடங்கியது. இந்தத் தம்பதி லீஜியன் ரசிகர் வட்டத்திலிருந்து வந்தவர்கள். கதை ஐந்து வருடம் தாவுகிறது. லீஜியன் கலைந்துவிட்டது, பூமி பொருளாதாரத்தில் நொறுங்கி அந்நியர் கையில், நாயகர்கள் வயதாகி, காயப்பட்டு, குடும்பஸ்தர்களாகி. பக்கத்துக்கு ஒன்பது கட்டம், இருட்டு வண்ணம், யார் பேசுகிறார்கள் என்றே புரியாது. 1992இல் பூமியையே வெடிக்க வைத்தார்கள். 1963இல் உயிர்பெற்றது லைட்னிங் லேடே இல்லை, அவன் உடம்பில் புகுந்த புரோட்டி என்றும் ஒரு குண்டைப் போட்டார்கள். சாட்டர்ன் கேர்ள் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியது வளர்ப்புப் பிராணியோடு!

இதை வெறுப்பவர்களும் கும்பிடுபவர்களும் சரிபாதி. நான் இரண்டாவது கட்சி, ஆனால் புரோட்டி விஷயத்தில் முதல் கட்சி.

திரையில் வந்திருக்கிறார்களா?

2006 முதல் 2008 வரை இரண்டு பருவம், 26 அத்தியாயங்கள் கார்ட்டூன் தொடராக வந்தது. சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றது. ஸ்மால்வில் தொடரில் 2009இல் ஓர் அத்தியாயம், சூப்பர்கேர்ள் தொடரின் மூன்றாம் பருவத்தில் சில பேர், 2023இல் ஒரு அனிமேஷன் படம். பெரிய திரையில் நடிகர்களை வைத்து இன்னும் எடுக்கவில்லை. இருபது பேருக்கு உடை தைத்து, சக்திக்கு ஒரு கிராஃபிக்ஸ் என்று போட்டால் தயாரிப்பாளர் தலையில் துண்டுதான்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

'தி கிரேட் டார்க்னஸ் சாகா'. யோசிக்கவே வேண்டாம். தனிப் புத்தகமாகவே தொகுத்திருக்கிறார்கள். முதல் இருபது பக்கத்துக்குப் பெயர்கள் தலைசுற்றும், விடாமல் போங்கள். கல்யாண வீட்டில் ஒரே நாளில் எல்லாச் சொந்தக்காரர்களையும் பார்ப்பது மாதிரி, சாப்பாட்டு நேரத்துக்குள் பழகிவிடும்.

பிடித்தால் பின்னோக்கி ஷூட்டரின் அறுபதுகளுக்குப் போங்கள், அட்வென்ச்சர் காமிக்ஸ் 346இலிருந்து 353 வரை. நவீன பாணிதான் வேண்டும் என்பவர்களுக்கு 2000இல் டான் ஆப்னெட், ஆண்டி லான்னிங் எழுதி ஒலிவியே க்வாபெல் வரைந்த 'லீஜியன் லாஸ்ட்'. சில உறுப்பினர்கள் வழிதெரியாத அண்டத்தில் மாட்டிக்கொள்கிற கதை, முன்கதை அதிகம் தெரிய வேண்டாம்.

'ஐந்தாண்டுக்குப் பிறகு' பக்கம் மட்டும் முதலில் போகாதீர்கள். அதை ரசிக்க, அந்தப் பிள்ளைகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சூப்பர்பாயைக் கலாய்த்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.